அத்தையின் காதுக்குள் பாட்டு

என் மாமியாரின் காதுக்குள் முதல்முறை பாட்டு போனது தற்செயலாகத்தான். இரண்டாம் முறையிலிருந்து எல்லாம் நானாகச் செய்தது. அதைப் பற்றி எனக்கு இன்றுவரை வருத்தம் எதுவும் இல்லை.

நான் பிறந்து வளர்ந்தது கோயமுத்தூர் கணபதியில். அப்பாவுக்கு வீட்டை ஒட்டியே லேத் பட்டறை. லேத் ஓடும் இரைச்சலுக்கு மேல் பாட்டு கேட்க வேண்டும் என்று சிநேகிதர் ஒருவரைப் பிடித்து ஆம்ப்ளிஃபயர் ஒன்றைப் பொருத்தி, இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்களைப் பரண்மேல் ஏற்றி வைத்திருந்தார். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் மெயின் சுவிட்ச், அடுத்து பாட்டு, அதற்குப் பிறகுதான் லேத். எங்கள் தெருவில் யாரும் புகார் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் அந்தச் சத்தத்தில் அப்பாவுக்குக் கேட்டிருக்காது. பாட்டு ஓடாவிட்டால் எனக்கு வீட்டுப்பாடம் எழுத வராது, தூக்கம்கூட வராது.

கல்யாணத்துக்கு அப்பா எனக்கென்று தனியாக ஒரு செட் செய்து கொடுத்தார். பெட்டிக்கு மேல் ஒட்ட எந்த நிறப் பலகை வேண்டும் என்று என்னையே கடைக்குக் கூட்டிப்போய்த் தேர்ந்தெடுக்கச் சொன்னார். தேன் நிறத்தில் எடுத்தேன். கட்டில், பீரோ, பாத்திரங்களோடு சேர்ந்து அதுவும் சீர்வரிசையாகப் பொள்ளாச்சிப் பக்கம் இருந்த என் புகுந்த வீட்டுக்கு வந்தது.

அந்த வீட்டில் தென்னந்தோப்பு, கொப்பரை காயவைக்கும் களம், மாமனார், மாமியார், என் கணவர். மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். உயரமான பெண்மணி. களத்து ஆட்கள் அவர் குரலைக் கேட்டதும் பீடியைக் காலுக்கடியில் போட்டு மிதிப்பார்கள். முதல்முறை தாய்வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது செட் இருந்த இடத்தில் ஒரு மூட்டை அரிசி நின்றது.

"அது உன்ற நங்கை ஊட்டுக்குப் போயிருச்சு கண்ணு" என்றார் அத்தை. நங்கை என்றால் என் கணவரின் அக்கா. "அங்க குழந்தைக கேக்கும். இங்க பாட்டு எதுக்கு? ஆளுக வேலையை உட்டுப்போட்டு நின்னு கேட்டுட்டு இருப்பாங்க."

என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கணவரிடம் சொன்னேன். "அக்காதான, உடு" என்றார். என் அப்பாவிடம் அந்தச் செட் நன்றாகப் பாடுகிறது என்று சொன்னேன். அவர் சாகும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நான் போனில் கேட்டேன். சமையலறையில் வேலை செய்யும்போது ஒரு காலி எவர்சில்வர் சொம்புக்குள் போனைத் தலைகீழாக வைத்துவிடுவேன். சொம்பின் வயிற்றுக்குள் சுற்றி வரும்போது பாட்டுக்கு ஒரு கனம் வரும், சின்ன ஸ்பீக்கர் வைத்த மாதிரி இருக்கும். களத்துக்குக் கேட்காது, வெளிவாசலுக்கும் கேட்காது. ஆனாலும் அத்தை வருவார், போனை எடுத்து மேடைமேல் படுக்க வைத்துவிட்டுப் போவார். நான் மறுபடி எடுத்துச் சொம்பில் வைப்பேன். கொஞ்ச நாளில் இயர்ஃபோனுக்கு மாறினேன். வலது காதில் மட்டும் மாட்டி, சேலைத் தலைப்பால் மூடிக்கொள்வேன். இடது காதை அத்தைக்காகத் திறந்து வைத்திருப்பேன். அவர் கூப்பிட்டு நான் போகாமல் இருந்தது கிடையாது. ஆனாலும் அவர் எனக்கு வைத்த பெயர் செவிடி.

"ஏ செவிடி, இங்க வா" என்று ஒறம்பரை வந்திருக்கும்போது கூப்பிடுவார். வந்த சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் முன்பின் தெரியாத ஓர் அம்மாள் என் தோளைத் தட்டி, வாயை அகலமாகத் திறந்து, "சாப்டாச்சுங்களா" என்று கையால் சாடை காட்டிக் கேட்டார். எனக்கு உண்மையிலேயே காது கேட்காது என்று அவரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

இதையெல்லாம்கூட நான் விட்டிருப்பேன். விட முடியாதது ஒன்று நடந்தது.

ஒருநாள் விடியற்காலை, அடுப்படியில் விளக்குப் போடாமல், வழக்கம்போல மேடை மூலையில் இருந்த சொம்புக்குள் போனைப் போட்டேன். சொம்பு நிறைய மோர் இருந்தது. நான் காயவைத்து எடுத்து வைத்திருந்த சொம்பு அது. "சொம்புன்னா மோர் ஊத்தி வெக்கறதுக்குத்தான?" என்றார் அத்தை. சிரிக்கவில்லை. போனைப் பொள்ளாச்சியில் ஒரு கடையில் ரிப்பேருக்குக் கொடுத்தோம். கடைக்காரர் ஒரு வாரம் ஆகும் என்றார்.

அந்த வாரத்தில்தான் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. என் போன் கிடைக்காததால் அண்ணன் எங்கள் வீட்டு லேண்ட்லைனுக்கு அழைத்திருக்கிறான். அத்தை எடுத்திருக்கிறார். அன்று களத்தில் தேங்காய் உடைக்க ஆட்கள் வந்திருந்தார்கள். நான் துணி துவைத்து முடித்து, அவ்வளவு பேருக்கும் சமைத்து, பரிமாறி, அவர்கள் எழுந்துபோன பிறகு இலை எடுத்துக்கொண்டிருந்தேன். அத்தை வந்து நின்றார்.

"உங்கப்பனுக்கு மேலுக்கு முடியலையாமா. உன்ற அண்ணன் போன் பண்ணினான்."

"எப்பங்கத்தை?"

"காத்தாலயே. நான் கூப்புட்டேன். நீதான் காதுல மாட்டிட்டு இருந்தே, உனக்கெங்க கேக்குது."

கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடினேன். பஸ் கிணத்துக்கடவு தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. காதில் மாட்டிக்கொள்ள என்னிடம் போனே இல்லை. அது கடையில் கிடக்கிறது. அது அத்தைக்குத் தெரியும்.

கணபதிக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான், "உன்னையேதான் கேட்டுட்டு இருந்தாரு. வந்துட்டாளா, வந்துட்டாளான்னு."

காரியம் முடிந்து திரும்பியதும் கணவரிடம் கணக்குப் போட்டுக் காட்டினேன். போன் இல்லாமல் எப்படிங்க பாட்டு கேட்பேன் என்றேன். அவர், "அம்மாவுக்கு மறந்திருக்கும். இத்தோட உட்டுப்போடு" என்றார். நான் விட்டாலும் அத்தை விடவில்லை. நான் பாட்டு கேட்டுக்கொண்டிருந்ததால்தான் பெற்ற அப்பனின் கடைசி மூச்சைப் பார்க்க முடியவில்லை என்பதைக் கதையாக ஆக்கிக்கொண்டார். ஊர்த் திருவிழா நோம்பிக்கு வந்தவர்களிடம் சொன்னார். அந்தியூரில் இருக்கும் தன் தங்கையிடம் சொன்னார். ஒவ்வொரு முறையும் கதையில் ஏதாவது கூடியது. ஒருமுறை நான் தாளம் போட்டுக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். என் அண்ணன் மனைவியின் சொந்தம் வழியாக அது என் தாய்வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது. அண்ணன் என்னோடு பேசுவது குறைந்தது.

வருஷங்கள் போயின. மாமனார் காலமானார். தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, மகளின் படிப்புக்காகச் சரவணம்பட்டியில் ஓர் அடுக்குமாடியில் குடிவந்தோம். அத்தையும் வந்தார். மகள் படிப்பு முடிந்து வேலைக்கு வெளியூர் போன சமயத்தில் அத்தைக்குக் காது மந்தமாகிவிட்டது. டிவி சத்தம் லிஃப்ட் வரை கேட்டது. கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கும்பிடு போட்டுக் கேட்டுக்கொண்ட பிறகு, கணவர் என்னையும் அத்தையையும் ஊருக்குள் ஒரு காது பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பினார்.

அங்கிருந்த பெண் பொறுமையானவள். இரண்டு காதுக்கும் சிறிய கருவிகள். சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு போனோடு இணைக்க வேண்டும் என்றாள். அத்தையிடம் இருந்தது பட்டன் போன். கணவர் பாதி நாள் வெளியூர். "அப்ப உங்க போன்லயே போட்டுர்றேங்க்கா" என்றாள். "பாட்டு, போன் பேச்சு எல்லாம்கூட இதுல நேரா காதுக்குள்ளயே வருங்க. வேண்டாம்னா புளூடூத்தை ஆஃப் பண்ணி வெச்சுக்கோங்க." அவள் இதைச் சொல்லும்போது கருவிகள் அவள் உள்ளங்கையில் இருந்தன. அத்தை சுவரில் இருந்த காதின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் அவருக்குக் கேட்கவில்லை.

நான் புளூடூத்தை ஆஃப் செய்துதான் வைத்திருந்தேன். ஒருநாள் பிரிட்ஜ் மேல் இருக்கும் என் சின்ன ஸ்பீக்கரில் பாட்டு கேட்பதற்காக ஆன் செய்தேன். ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லை. கூட்டினேன். வரவில்லை. முழுதாகக் கூட்டினேன். ஹாலில் டம்ளர் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், அத்தை இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியெல்லாம் காபி. போனைப் பார்த்தேன். பாட்டு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று திரையில் எழுதியிருந்தது.

நிறுத்தினேன். அத்தை மெதுவாகக் கையை எடுத்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். "என்னாச்சுங்கத்தை?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றார். அவர் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தரையைத் துடைத்துக்கொண்டே அந்த முகத்தை இன்னொரு முறை பார்த்தேன். எனக்கு அது பிடித்திருந்தது.

அதன் பிறகு நான் அவசரப்படவில்லை. அவர் காலையில் சாமி படத்துக்கு முன்னால் கண்ணை மூடி நிற்கும்போது திருவிழாக் குத்துப்பாட்டு ஒன்றை லேசாக ஓடவிடுவேன். சீரியலில் முக்கியமான கட்டம் வரும்போது பாட்டைக் கூட்டுவேன். பாட்டு ஓடும்போது அந்தக் கருவி வெளிச்சத்தத்தை அடக்கிவிடும் என்பதைக் கண்டுபிடித்தேன். அதாவது, நான் நினைத்தால் அவரை இந்த உலகத்திலிருந்தே கொஞ்ச நேரம் வெளியே நிறுத்தி வைக்கலாம். ஆட்கள் வந்திருக்கும்போது அவர் என் அப்பாவின் சாவைப் பற்றிய கதையை எடுத்தால் மட்டும் வேறு பாட்டுகள் போடுவேன். அப்பா பட்டறையில் வைக்கிற பாட்டுகள். அத்தை பாதியில் நிற்பார். என்ன சொல்லிக்கொண்டிருந்தோம் என்று தெரியாமல் விழிப்பார். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். நான் காபி எடுத்துவரப் போவேன்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. தலைக்குள் பாட்டு கேட்கிறது என்று சொன்னால் என்ன பேர் வரும் என்று அவருக்குத் தெரியும். அப்படிப்பட்ட பேர்களை அடுத்தவர்களுக்கு வைத்துப் பழகியவர் அவர். கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டிக்கொண்டார். திருநீற்றைக் காதோரமும் பூசிக்கொண்டார். ஒரு மத்தியானம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நான் முருங்கைக்கீரை உருவுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏம்மணி, உனக்கு எங்காச்சும் பாட்டுச் சத்தம் கேக்குதா?"

அவர் என்னை அம்மணி என்று கூப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

"எனக்கெப்படிங்கத்தை கேக்கும்?" என்றேன். "நான் செவிடியாச்சே."

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அன்று கீரைப் பொரியல் எனக்கு ரொம்ப ருசித்தது.

இது வெளியே வந்தது நங்கை வீட்டு நிச்சயதார்த்தத்தில். நங்கையின் மகளுக்கு வரன் அமைந்து, பொள்ளாச்சியில் அவர்கள் வீட்டிலேயே நிச்சயம் வைத்திருந்தார்கள். ஹாலில் ஜமக்காளம் விரித்து மாப்பிள்ளை வீட்டார் ஒருபுறமும் நாங்கள் ஒருபுறமும் உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பின்னால் தேன் நிறத்தில் என் ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டும் நின்றன. ஒன்றின்மேல் பிளாஸ்டிக் பூச்சாடி, மற்றதன்மேல் டிவி ஸ்டெபிலைசர். ஆம்ப்ளிஃபயரைக் காணோம். பெட்டியின் முன்துணி கிழிந்து தொங்கியது.

அத்தை மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அருகில் உட்கார்ந்திருந்தார். தன் குரல் எவ்வளவு சத்தம் என்று அவருக்குத் தெரிவதில்லை. என்னைக் காட்டி, "இவதானுங்க என்ற மருமக" என்று ஆரம்பித்தார். "எந்நேரமும் காதுல பாட்டுங்க. இவங்கப்பன் செத்தன்னைக்கு..."

நான் மடியில் இருந்த போனைத் தொட்டேன்.

முதலில் மெதுவாகத்தான் வைத்தேன். அத்தை தலையை ஒருமுறை உதறிவிட்டுத் தொடர்ந்தார். "நான் கூவிக் கூவிக் கூப்புடறேன், இவ தாளம் போட்டுட்டு..." கூட்டினேன். அவரும் குரலைக் கூட்டினார். அந்த நேரம் பார்த்துப் பெரியவர் ஒருவர் நிச்சயப் பத்திரிகையைக் கையில் எடுத்து வாசிக்கத் தொடங்க, ஹால் முழுக்க அமைதியானது. நான் இன்னும் கூட்டினேன்.

"அந்தப் பாட்டை நிறுத்தச் சொல்லுங்க" என்று அத்தை கத்தினார். "நல்ல காரியம் நடக்கற எடத்துல என்ன பாட்டு இது."

 மேலே ஃபேன் சுற்றுவது மட்டும் கேட்டது. மாப்பிள்ளையின் அம்மா அவர் கையைத் தொட்டு, "எந்தப் பாட்டுங்க? இங்க பாட்டே இல்லீங்களே" என்றார். அத்தைக்கு அதுவும் கேட்டிருக்காது. உதடு அசைவதை மட்டும் பார்த்தார். நங்கை எழுந்து வந்து தன் அம்மாவைக் கைத்தாங்கலாக அறைக்குள் கூட்டிப்போனாள். பெரியவர் விட்ட இடத்திலிருந்து வாசித்தார். நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. தட்டு மாற்றினார்கள், சர்க்கரை கொடுத்தார்கள்.

அறைக்கதவு திறந்தே இருந்தது. அத்தை கட்டிலில் உட்கார்ந்து கருவிகளைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். கழற்றினால் பாட்டு நிற்கிறது, மாட்டினால் வருகிறது. நிமிர்ந்தவர் நேராக என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். என் கட்டைவிரல் போனின் ஓரத்துப் பொத்தானின் மேல் இருந்தது. நான் விரலை எடுக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினேன். தெரிந்துகொள்ளட்டும் என்றுதான்.

சாயங்காலம் காரில் திரும்பினோம். கணவர் ஓட்டினார், நான் முன்னால், அத்தை பின்னால். கணவருக்கு வண்டி நகர்ந்தால் பாட்டு வேண்டும். ஆனால் பேச்சுக்கு இடைஞ்சல் இல்லாமல், கேட்டும் கேட்காமலும் வைப்பார். கொஞ்ச தூரம் போனதும் அத்தை அதை அணைக்கச் சொன்னார். பிறகு என்னிடம் கையை நீட்டினார்.

"அந்தப் போனை இங்க குடு."

"எதுக்குங்கத்தை?"

"அதுலிருந்துதான வருது."

"என்னம்மா வருது?" என்றார் கணவர்.

"உன்ற பொண்டாட்டி என்ற காதுக்குள்ள பாட்டு போடறா."

கணவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். நான் சிரிக்கவில்லை என்றதும் வண்டியை ஓர் இளநீர்க் கடைப் பக்கமாக ஓரங்கட்டினார்.

"ஆமாங்க. நான்தான் போட்டேன்" என்றேன். "ரொம்ப நாளா போடறேன்."

"எதுக்கு?"

"உங்கம்மாவைக் கேளுங்க. எங்கண்ணன் போன் பண்ணின அன்னைக்கு நான் எங்க இருந்தேன்னு கேளுங்க."

"அந்தப் பழசெல்லாம் இப்ப எதுக்கு?" என்றார் அத்தை.

"இன்னைக்கும் அத்தனை பேரு முன்னால சொன்னீங்களே. அது பழசுங்களா?"

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் போனைத் தூக்கி அவர் கண்ணுக்குத் தெரியும்படி பிடித்தேன். வேறொன்றும் செய்யவில்லை.

"ஊட்டுக்குப் பின்னால பொடக்காலில துணி தொவைச்சுட்டு இருந்தா" என்றார் அத்தை, என்னைப் பார்க்காமல் மகனிடம்.

"காதுல என்னங்கத்தை மாட்டியிருந்தேன்?"

"ஒண்ணுமில்ல."

"என்னைக் கூப்புட்டீங்களா?"

அவர் கட்டியிருந்த மந்திரித்த கயிற்றைத் திருகினார். பிறகு சொன்னார், "கூப்புடல."

கணவர் முழுதாகத் திரும்பிப் பின்னால் பார்த்தார். "ஏம்மா?"

"களத்துல ஆளுக வந்திருந்தாங்க கண்ணு. அத்தனை பேருக்குச் சோறாக்கோணும். இவ கெளம்பிட்டா ஆரு ஆக்கறது? சாப்பாடு முடியட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். நெஞ்சுவலிதானே, ஆஸ்பத்திரில பாப்பாங்கன்னு இருந்தேன்."

அன்று நான் கத்தரிக்காய்க் குழம்பும் ரசமும் வைத்திருந்தேன். ஆட்கள் ரசத்தை மறுபடி கேட்டு வாங்கிக் குடித்தார்கள். அத்தை என் பக்கத்தில் நின்று அப்பளம் வைத்துக்கொண்டே போனார். அதெல்லாம் அந்தக் காரில் உட்கார்ந்திருக்கையில் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. நான் அழுவேன் என்று கணவர் எதிர்பார்த்தார் போலிருக்கிறது, கையைப் பிடிக்க வந்தார். கையை இழுத்துக்கொண்டேன்.

"இதையே எங்கண்ணன்கிட்டச் சொல்லோணும்" என்றேன். "நங்கைகிட்ட, அந்தியூர்ல உங்க தங்கச்சிகிட்ட. ஆருகிட்டயெல்லாம் அந்தக் கதையைச் சொன்னீங்களோ அத்தனை பேருகிட்டயும்."

"சொல்லலைன்னா?"

நான் போனை அவர் கண்ணில் படும்படியே மடியில் வைத்துக்கொண்டேன். கணவர் வண்டியை எடுத்தார்.

அத்தை சொன்னார். மறுநாள் காலை என் அண்ணனிலிருந்து ஆரம்பித்தோம். நான் எண்ணைப் போட்டுக் கொடுப்பேன், என் போன் வழியாகவே அவர் காதுக்குள் மறுமுனைக் குரல் போகும். எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அண்ணன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. அத்தை, "ஆமாங்க, தப்புத்தானுங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அன்று மாலை அண்ணன் என்னை அழைத்தான். பட்டறைப் பரண்மேல் அப்பாவின் ஸ்பீக்கர்கள் இன்னும் இருக்கின்றன என்றான்.

அந்தியூர்ச் சின்னத்தை நம்பவில்லையாம். மருமகள் மிரட்டிச் சொல்லவைக்கிறாள் என்றாராம். அது உண்மைதானே என்று விட்டுவிட்டேன்.

கணவர் சில நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள், "அவங்களுக்கு வயசாயிருச்சு. பாவம்" என்றார்.

"எங்கப்பாவுக்கும் வயசாயிருந்துச்சுங்க" என்றேன். 

நங்கை தன் அம்மாவுக்குப் புதிய டச் போன் ஒன்று வாங்கி அனுப்பினாள். கருவியை அதோடு இணைத்துவிட்டு என் போனிலிருந்து எடுத்துவிடச் சொன்னாள். இணைத்துக் கொடுத்தேன். என் போனிலிருந்து எடுக்கவில்லை. எடுத்துவிட்டேனா என்று அத்தை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவர் காதில் ஒரு பாட்டுகூட நான் போட்டதில்லை. தேவைப்படவில்லை. போன வாரம் ஊரிலிருந்து இரண்டு பேர் பார்க்க வந்திருந்தார்கள். அத்தை அவர்களிடம் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார். இந்த வீட்டில் சாப்பாடு உப்புச் சப்பில்லை என்று ஏதோ ஆரம்பித்தார். நான் கேஸ் சிலிண்டர் பதிவு செய்வதற்காக மேசைமேல் இருந்த போனை எடுத்தேன். அத்தை பேச்சை நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தார்.

"மருமகதானுங்க எல்லாம் பாத்துக்கறா" என்றார் வந்தவர்களிடம். "ஒரு கொறையும் இல்லீங்க."

நான் சிலிண்டரைப் பதிவு செய்து முடித்துவிட்டேன். ஆனாலும் அவர்கள் கிளம்பிப் போகும்வரை போனைக் கீழே வைக்கவில்லை.